மூன்று தடவை தட்டுகிற மாஸ்டர் கீ அக்கா

உலகத்தில் தூசி இல்லாத இடமே கிடையாது என்று நிரூபிப்பதற்காகவே படைக்கப்பட்ட ஆள்காட்டி விரல் ஒன்று உண்டு. அது மாஸ்டர் கீ அக்காவுடையது. கதவு நிலையின் மேல்விளிம்பு, மின்விசிறியின் இறக்கை, டி.வி.யின் பின்பக்கம், மனுஷனுடைய மனசாட்சி என்று அந்த விரல் போகாத இடம் இல்லை. போன இடத்திலிருந்து சுத்தமாகத் திரும்பியதும் இல்லை. எங்கள் ஆபீசில் பதினோரு பேர். அதில் நாலு பேருக்குக் கடவுள் பயம் கிடையாது. பதினோரு பேருக்கும் அந்த விரல்மேல் பயம் இருந்தது.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வந்தால் ஒரு மெத்தைக் கடை. அதற்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. ஹோட்டல்களுக்கு சாப்ட்வேர் செய்து கொடுப்போம். அந்த வருடம் மாமல்லபுரத்துப் பக்கம் கடலைப் பார்த்த ஒரு பெரிய ரிசார்ட்டின் வேலை கிடைத்தது. எந்த ரூம் காலி, எந்த ரூமுக்கு யார் வருகிறார்கள், எந்த ரூம் பெருக்கியாயிற்று, அத்தனையும் ஒரே திரையில் தெரிய வேண்டும். டிசம்பர் சீசனுக்குள் வேண்டும். ஜூலையில் எங்கள் மேனேஜர், பெங்களூரில் நல்ல வேலை வந்திருக்கிறதென்று போய்விட்டார். மேசையில் அவர் விட்டுப்போனது தலையணை கனத்தில் ஒரு மேனேஜ்மென்ட் புத்தகமும் பாதி பாக்கெட் பிஸ்கட்டும்.

அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். இருப்பதிலேயே பழைய ஆள் நான். முதலாளி வேறு மாதிரி யோசித்தார். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ரிசார்ட்காரர்கள் ஒரு அம்மாவை அனுப்பி வைத்திருந்தார்கள். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எல்லா ரூமையும் திறக்கிற மாஸ்டர் கீயை இருபது வருடமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தவர். பத்தாவது வரை படிப்பு. "வேற மேனேஜர் கிடைக்கிற வரைக்கும் நீங்களே சும்மா பாத்துக்கோங்கம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார். சும்மா பார்த்துக்கொள்கிற பழக்கமே அந்த அம்மாவுக்குக் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

முதல் நாள் காலையில் வந்தவர் யாரிடமும் பேசவில்லை. சுரேஷின் மானிட்டர் உச்சியில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். பிறகு சுரேஷைப் பார்த்தார்.

"இது உன் எடமா நைனா?"

"ஆமாக்கா."

"வெளியவே இப்டி கீதே, உள்ள எப்டி வச்சிருப்ப?"

சுரேஷ் எங்கள் கம்பெனியிலேயே கெட்டிக்காரன். அவன் எழுதியதில் யாரும் பிழை கண்டுபிடித்ததில்லை என்று பெயர். அன்று மத்தியானமே அக்கா அவன் செய்த பக்கத்தைத் திறந்து, விருந்தினர் பெயர் எழுதுகிற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் பட்டனை அமுக்கினார். சாப்ட்வேர் கொஞ்சமும் தயங்காமல் பெயரே இல்லாத அந்த ஆளுக்குக் கடல் பார்த்த ரூமைக் கொடுத்து, 'நல்வரவு' என்றது.

"யப்பா டேய், பேய்க்கெல்லாம் ரூம் போட்டு குட்த்துகினு கீறியே!"

அன்றிலிருந்து சுரேஷ் தினமும் காலையில் வந்ததும் மானிட்டரைத் துடைத்தான். உள்ளேயும் துடைத்தான்.

அடுத்தது காலைக் கூட்டம். பழைய மேனேஜர் காலத்தில் அதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர், எல்லாரும் உட்கார்ந்திருப்போம். ஒன்றரை மணி நேரம் நடக்கும். நடுவில் வடை வரும். அக்கா எங்களை மாடிப்படியில் படிக்கு ஒருவராக நிறுத்தினார். கீழே மெத்தை வாங்க வந்தவர்கள், யாரோ குரூப் போட்டோ எடுக்கிறார்கள் என்று ஒதுங்கிப் போனார்கள். ஹோட்டல் வழக்கப்படி முதலில் நகம் பார்த்தார். முப்பத்தெட்டு வயதில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"நேத்து இன்னா முடிச்ச, இன்னிக்கி இன்னா முடிப்ப, குறுக்க எது நிக்குது. மூணே பேச்சு. நின்னுகினே பேசு. உக்காந்தா வேல வராது, கததான் வரும்."

ஏழு நிமிடத்தில் முடிந்தது. வடையும் நின்றது. அதற்காக அவரை இன்னும் மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தத் தலையணைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். சந்தேகம் வந்தால் தீபாவைக் கூப்பிடுவார். நாங்கள் செய்ததைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டர் அவள்தான். மறைமலைநகர்ப் பெண்; பொறுமைசாலி.

"யம்மாடி, ஸ்பிரிண்ட்டுனா இன்னா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு ஓட்டம்க்கா. அதுக்குள்ள இவ்வளவு வேலைன்னு முடிச்சிடணும்."

"ரெண்டு வாரம் ஓடனப்பறம்?"

"அடுத்த ரெண்டு வாரம்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கு அடுத்தது."

அக்கா மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு யோசித்தார். "இது இன்னா கண்ணு ஓட்டப் பந்தயம்? நாய் தொரத்துது."

இதையெல்லாம் கேட்டு, அக்கா எல்லாம் தெரிந்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் மாதம் அவர் அடித்த கூத்தில் கம்பெனியே கவிழ இருந்தது. ஹோட்டலில் ஒரு ரூம்பாய் ஒரு ஷிப்டுக்குப் பதினாலு ரூம் முடிக்க வேண்டுமாம். அதே கணக்கில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். ஆளுக்குத் தினம் பதினாலு வேலை. முடித்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

எங்கள் பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தவர்கள் அல்லவா? மூன்றே நாளில் வழி கண்டுபிடித்தார்கள். லாகின் பக்கம் செய்வது ஒரு வேலை. அதையே பட்டன் வரைவது, பட்டனுக்கு நிறம் அடிப்பது, நிறத்தைக் கொஞ்சம் வெளிற வைப்பது, பட்டனை இடப்பக்கம் தள்ளுவது, 'முன்னமே நல்லா இருந்துச்சு' என்று திரும்ப வலப்பக்கம் கொண்டுவருவது என்று பிரித்தால் பதினாலு வந்துவிடும். சுரேஷ் ஒரு நாள் இருபத்திரண்டு முடித்துக் கைதட்டல் வாங்கினான். அன்று முழுக்க அவன் செய்தது, விட்டுப்போன ஒரு கமாவைத் தேடியது. சார்ட் முழுக்கப் பச்சை. சாப்ட்வேர் முழுக்க ஓட்டை.

நாலாவது வாரம் அக்கா சார்ட்டுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எல்லாரும் தெனம் பதினாலு ரூமு முடிச்சிகினு கீறீங்க. ஆனா ஒரு கெஸ்ட்டகூட உள்ள வுட முடியலியே, இன்னா மேட்டரு?"

தீபா உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள். அக்கா திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவிங்களா! ஒரே ரூமுக்குள்ள பதினாலு தலகாணி ஒறய மாத்திட்டு, பதினாலு ரூமுன்னு எய்தி வச்சிருக்கீங்க! தப்பு என்னுதுதான். வாசல்ல நின்னுகினு கணக்கு கேட்டா இப்டிதான் ஆவும்."

சார்ட்டை அவரே கிழித்தார். தன் உத்தரவைத் தானே கிழித்துக் குப்பையில் போட்ட மேனேஜரை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வேலை எத்தனை நாள் ஆகுமென்று எடுத்ததும் கேட்க மாட்டார். "மொதல்ல கதவத் தொறந்து உள்ள போயி பாத்துட்டு வா, அப்பறம் சொல்லு. ஒண்டியா தங்கிப் போன ஆளு ரூமு இருவது நிமிசம். கொயந்தைங்க தங்கிப் போன ரூமு ஒரு மணி நேரம். புதுசா கண்ணாலம் கட்னவங்க ரூம்ல பூவ பொறுக்கவே அர நாளு." நாங்களும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னோம். சொன்னது பாதிக்கு மேல் சரியாக வர ஆரம்பித்தது. யாராவது "முடிஞ்சிடுச்சுக்கா" என்றால், "தர காஞ்சிட்ச்சா?" என்பார். துடைத்த தரை ஈரமாக இருந்தால் அது ரெடியான ரூம் கிடையாதாம். தீபா அதன்மேல் நடந்து பார்த்து, கால்தடம் விழாமல் திரும்பி வந்தால்தான் அவர் கணக்கில் ஒரு வேலை முடிந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் பை நிறைய அட்டை கொண்டுவந்தார். ஹோட்டல் ரூம் கைப்பிடியில் தொங்குமே, அது. ஒரு பக்கம் சிவப்பில் 'தொந்தரவு செய்யாதீர்'. மறுபக்கம் பச்சையில் 'அறையைச் சுத்தம் செய்யவும்'. மும்முரமாக இருந்தால் சிவப்பு. உதவி வேண்டுமென்றால் பச்சை. எல்லாரும் மானிட்டர் மூலையில் மாட்டிக்கொண்டோம். ஆபீசில் அரட்டை பாதியாகக் குறைந்தது. முதலாளிகூட ஒன்று கேட்டு வாங்கித் தன் கதவில் சிவப்பாக மாட்டிக்கொண்டார். அவருக்கு வேறு காரணம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

யார் எந்த ரூமில் என்று முடிவு செய்கிற பகுதி என்னுடையது. சாப்ட்வேருக்கே அதுதான் இதயம். ஆன்லைனில் ஒருத்தர், போனில் ஒருத்தர், ஒரே நொடியில் ஒரே ரூமைக் கேட்டால் ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும். என்னுடையது இரண்டு பேருக்கும் கொடுத்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறந்தது. படியில் நிற்கும்போது தினமும், "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன். மூன்று வாரமாக அதே தொண்ணூறு.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். சுரேஷ் உதவியிருப்பான். ஆனால் எனக்குள் ஒரு பூட்டு இருந்தது. அங்கே எல்லாரும் டிகிரிக்காரர்கள். நான் டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் அப்பா படுத்துவிட்டதால் நின்றவன். செங்கல்பட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் நானாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். பயோடேட்டாவில் 'டிப்ளமோ' என்று போட்டிருந்தேன். முடித்தேன் என்று போடவில்லை. யாரும் கேட்கவில்லை. இதில் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறதென்று ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், சீட்டுக்கட்டு மாதிரி மொத்தமும் சரியும் என்று பயம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். முப்பத்தெட்டு வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

நவம்பர் நடுவில் சிவப்பு அட்டையை மாட்டினேன். அன்று எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. படிக்கட்டுக் கூட்டத்துக்கும் போகவில்லை. சாப்பிடவும் எழவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். மேசையில் டொக் டொக் டொக்.

"ஹவுஸ்கீப்பிங்!"

ஹோட்டல் வராந்தாவில் சொல்கிற அதே ராகம். நான் திரும்பவில்லை. ஒரு நிமிடம் விட்டு மறுபடி டொக் டொக் டொக். "ஹவுஸ்கீப்பிங்!" இன்னொரு நிமிடம். மூன்றாவது தடவை தட்டினார். அதற்கும் நான் அசையாததால் அட்டையைக் கழற்றி என் மடியில் வைத்தார். திரும்பிப் பார்த்தால் அக்கா, பக்கத்தில் தீபா, அவளுக்குப் பின்னால் கையில் லத்தியோடு மெத்தைக் கடை வாட்ச்மேன்.

"இவர் எதுக்குக்கா?"

"ரூல் நைனா. ஒண்டியா ரூமத் தொறக்கக் கூடாது. செக்யூரிட்டி ஒருத்தர் கூட இருக்கணும். நம்மாண்ட செக்யூரிட்டி இல்ல, கீழ கடையில கேட்டு இவர இட்டுகினு வந்தேன்."

வாட்ச்மேன் ரொம்பப் பணிவாக எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

சிரிப்பு வந்தது. சிரிக்கலாமென்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "முடியலக்கா. மூணு வாரமா ஒண்ணும் நகரல. பொய் சொல்லிட்டிருந்தேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைப் பிடிக்கத்தான இத்தனை பேர் வந்தீங்க?" என்று எரிந்தும் விழுந்தேன்.

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர் கீ இன்னாத்துக்குத் தெரியுமா? ஒரு தபா ஒரு ரூம்ல ரெண்டு நாளா செவப்பு அட்ட. எல்லாரும், வெள்ளக்காரரு தூங்குவாரு வுடுன்னாங்க. மூணு தபா தட்டிட்டுத் தொறந்தேன். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து கெடக்குறாரு மனுசன். தண்ணிகூட எட்டல. உசுரு இருந்துச்சி. ரெண்டு நாளா அட்ட தொங்குனா, உள்ள யாரோ வுழுந்து கெடக்குறாங்கன்னு அர்த்தம். தூக்கத்தான் வந்தோம்."

பிறகு ஆபீஸ் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய் சுரேசு! இது ஒண்டி ஆளு ரூமு இல்லடா, மூணு ரூமு சேந்த பெரிய சூட்டு. நாலு பேரு வாங்க."

நாலு பேர் வந்தார்கள். சுரேஷ் அரை மணி நேரம் என் திரையை முறைத்துவிட்டு, "அண்ணே, இது எனக்கும் புரியல" என்றான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் அந்த வாக்கியம்.

உள்ளே போய்ப் பார்த்ததில் இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று தெரிந்தது. டிசம்பருக்கு வராது. முதலாளி சிவப்பு அட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். "கெஸ்ட்டு பொட்டியோட வந்து நின்னப்பறம் ரூமு இல்லன்னா அடிப்பான். முன்னாடியே போயி சொல்லணும். ஜூசு குட்த்துட்டு சொல்லணும். பொறப்படு."

மறுநாள் மாமல்லபுரத்தில் இறங்கியதும் ரோட்டோரத்தில் மூன்று இளநீர் வாங்கினார். ரிசார்ட் மேனேஜர் அறைக்குள் போய் ஒன்றை அவர் முன்னால் ஸ்ட்ரா போட்டு வைத்தார். மேனேஜரும் அதே ஹோட்டலில் தலை நரைத்தவர்தானே. இளநீரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா, ரூம் இல்லையா?"

"மூணுல ரெண்டு பங்கு கீது சார். ரூமு சுத்தம் பாக்கறது ரெடி, ரிசப்ஷன் ரெடி. ரெண்டும் தர காஞ்சிட்ச்சி. புக்கிங்க மட்டும் பொங்கல் வரைக்கும் பழைய நோட்லயே எய்தணும்."

அவர் கத்தினார். கடல் சத்தம் கேட்கவில்லை, அப்படிக் கத்தினார். இந்த வேலையையே வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கடைசியில், "யார் அந்தப் பகுதியைச் செஞ்சது? பேரைச் சொல்லும்மா" என்றார்.

நான் எழுந்திருக்கப் போனேன். அக்கா என் முழங்காலில் இளநீரை வைத்து அமுக்கினார்.

"பேரு எதுக்கு சார்? ரூமு சரியில்லன்னா கெஸ்ட்டுகிட்ட ரூம்பாய் பேரயா சொல்றோம்? ஹோட்டலு பேர்லதான மன்னிப்பு கேக்கறோம்?"

மேனேஜர் இளநீரைக் கையில் எடுத்தார். ஸ்ட்ராவை வாயில் வைத்தார். தீரும் வரை உறிஞ்சினார். "பொங்கல். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

பொங்கலுக்கு நாலு நாள் முன்னாலேயே முடித்தோம். அதற்கப்புறம் ரிசார்ட் அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டது; இப்போது அங்கே புதுசாக என்ன சாப்ட்வேர் வாங்கினாலும் அவர் விரல் அதன்மேல் ஓடிய பிறகுதான். அந்த நாற்காலி எனக்கு வந்தது. ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்த இளநீர் நாள் சாயங்காலத்தைப் பற்றி.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கல்பாக்கம் வண்டி வந்தது. அக்காவுக்கு வீடு சதுரங்கப்பட்டினம்; அதில் ஏறினால் அரை மணி நேரத்தில் வீட்டில் இருப்பார். ஏறவில்லை. வேறு பக்கம் போகிற, வீட்டுக்கு ரயில் பிடிக்க நான் ஏறிய செங்கல்பட்டு வண்டியில் அவரும் ஏறினார்.

"ஏன்க்கா இதுல?"

"செங்கல்பட்டுல ஒரு வேல கீது நைனா."

அவித்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். திருக்கழுக்குன்றம் வரை இரண்டு பேரும் அதைத் தின்றோம். ஊர் தாண்டியதும் எனக்குள் இருந்த பூட்டு தானாகக் கழன்றது. டிப்ளமோ பாதியில் நின்றது, பிரவுசிங் சென்டர், பயோடேட்டா எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுக்கா ரெண்டு நாளு சோறு துன்னாம கெடந்த?"

"வேலை போயிடும்னு பயம்க்கா."

"உன் வேலைய பாத்துகினுதான கீறேன் நாலு மாசமா. முதலாளியாண்ட நீயே சொல்லிடு, நான் பக்கத்துல நிக்கறேன்." கடைசிக் கடலையை உரித்து என் கையில் வைத்தார். "அந்தாளு காலேஜு பக்கம் மழைக்கிகூட ஒதுங்கனது இல்ல. முன்னாடியே எனக்குத் தெரியும்."

நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

செங்கல்பட்டில் இறங்கி ஸ்டேஷன் வாசல் வரை கூட வந்தார். "வூட்டுக்குப் போயி நல்லா துன்னுட்டு தூங்கு" என்று அனுப்பினார். பிளாட்பாரத்துக்குப் போன பிறகுதான் டிக்கெட் எடுக்கவில்லை என்று ஞாபகம் வந்து வெளியே ஓடி வந்தேன். பஸ் ஸ்டாண்டில் கல்பாக்கம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அதில் தொற்றிக்கொண்டார் ஒரு அம்மா.

செங்கல்பட்டில் அவருக்கு இருந்த வேலை முடிந்துவிட்டிருந்தது.